எங்களுக்கு வர வேண்டிய கவர்

ஜூன் 9, திங்கள்

மதுரைக்கு வந்து சேர்ந்தாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், நோயாளிகள் குடும்பத்தோடு தங்குவதற்கென்றே வாடகைக்கு விடுகிற ஒரு மாடி. வரிசையாக ஆறு அறைகள், முன்னால் மொட்டைமாடி, துணி காயப்போட எல்லாருக்கும் ஒரே கொடி. எங்களுக்கு நாலாம் நம்பர்.

சத்துணவு மையத்துக்கு மூன்று மாதம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதினெட்டு வருஷமாக அமைப்பாளர் வேலை. என் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தம் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். ரகசியம் வேறொன்றுமில்லை, இரண்டு நோட்டு. ரஃப் நோட்டில் நடந்ததை நடந்தபடி கிறுக்கி வைப்பேன். சாயங்காலம் ஃபேர் நோட்டில் இருக்க வேண்டியபடி எழுதுவேன். இங்கேயும் அதே ஏற்பாடுதான். வீட்டில் செய்கிற பயிற்சியைத் தேதி போட்டு எழுதச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு மஞ்சள் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். அது ஃபேர். இது ரஃப்.

இவர் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கு எடுப்பவர். சங்கரன்கோவிலில் பாதி வீட்டு அட்டையில் இவர் கையெழுத்துதான் இருக்கும். ஜனவரியில் நாய் குறுக்கே வந்து, வண்டியோடு விழுந்து தலையில் அடி. மூளையில் இடப்பக்கம் பட்டதால் வலது கையும் பேச்சும் போயின. இப்போது இவருக்கு இருப்பது ஒரே வார்த்தை, ‘சரி’. சோறு வேண்டுமா என்றால் சரி. வேண்டாமா என்றாலும் சரி. கை வந்துவிட்டால் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிற வேலை தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கைக்காகத்தான் இங்கே வந்தோம்.

ஆராய்ச்சி நடத்துவது டாக்டர் ஷமீலா. முருங்கைக்காய் மாதிரி இருக்கிறார், சிரிப்பு மருந்துக்கும் கிடையாது. மொத்தம் பதினாறு நோயாளிகள். பாதிப் பேருக்கு வழக்கமான கைப்பயிற்சி. மீதிப் பேருக்குப் புது முறை. நல்ல கையை ஓர் உறைக்குள் போட்டுவிடுவார்களாம், வராத கைதான் எல்லா வேலையும் செய்தாக வேண்டுமாம். யாருக்கு எது என்று டாக்டரும் முடிவு செய்யமாட்டார், நாமும் கேட்க முடியாது. ஒட்டிய கவருக்குள் எழுதியிருக்கும். நம் எதிரில்தான் பிரிப்பார்கள். ஒரு குழு செய்வதை இன்னொரு குழுவிடம் பேசக்கூடாது என்று மூன்று தடவை சொன்னார். சம்மதப் படிவத்தில் இவருக்குக் கையெழுத்துப் போட வரவில்லை. இடது பெருவிரலில் மை தடவி உருட்டினார்கள். ஊருக்கே கணக்கு எழுதியவர் கைநாட்டு வைத்ததை நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பார்க்காமல் விட்டேன்.

இனி நடந்ததை எழுதுகிறேன். எங்கள் ஃபைலில் பதினான்கு. பின்னால் உட்கார்ந்திருந்த தூத்துக்குடிக்காரர்களுக்குப் பதினைந்து. புருஷன் மிக்கேல், படகில் கப்பி அறுந்து மண்டையில் விழுந்ததாம். பெண்டாட்டி ஜெசிந்தா. எங்களைக் கூப்பிடுகிற நேரத்தில் அவள் வந்து, “அக்கா, நாங்க முன்னால போயிக்கிடட்டுமா? இவுகளுக்கு அவசரமா ஒண்ணுக்கு வருது, சீக்கிரம் முடிச்சிட்டுப் போயிருதோம்” என்றாள். நானும் பெரிய மனசுக்காரி மாதிரி, “போங்கம்மா, அதுக்கென்ன” என்றேன்.

அவர்கள் நீல நிறக் கையுறையோடு வெளியே வந்தார்கள். எங்களுக்கு வழக்கமான பயிற்சி.

பதினைந்து பதினான்குக்கு முன்னால் போவது எந்த ஊர் நியாயம்? அது எங்களுக்கு வர வேண்டிய கவர்.

ஜூன் 10, செவ்வாய்

ஐந்தாம் நம்பருக்குக் குடி வந்திருப்பது அவர்களேதான். கடவுள் இருக்கிறார், என்னுடைய எதிர்க்கட்சியில்.

ஜூன் 13, வெள்ளி

காலை அரை மணி, மாலை அரை மணி. ரப்பர் பந்தை அமுக்கணும், விரலை நீட்டி மடக்கணும். பந்து சிரிக்கிறது, விரல் அசைவதாகக் காணோம். கட்டைவிரலும் சுட்டுவிரலும் கொஞ்சம் நெளிகின்றன, அவ்வளவுதான்.

ஐந்தாம் நம்பர் உறையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். நல்ல தடிமன், உள்ளே பஞ்சு, மணிக்கட்டில் ஒட்டிக்கொள்கிற பட்டி. யாரும் இல்லாத நேரம் தொட்டுப் பார்த்தேன். என் பாவாடையைத் தள்ளிப் போடுகிற சாக்கில் விரல் அளவும் எடுத்தேன்.

ஜூன் 19, வியாழன்

இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது சுவரா, பிளாஸ்டிக்கா தெரியவில்லை. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால், “இன்னும் ஒண்ணே ஒண்ணு ராசா... ஆங், எடுத்துட்டீக பாருங்க” என்று மதியம் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நாற்பத்தைந்து வயசு மனுஷனுக்கு என்ன ராசா வேண்டிக்கிடக்கிறது? கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் இவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. இவரும் என்னை ‘உலகு’ என்பதற்கு மேல் எதுவும் கூப்பிட்டதில்லை. உலகம்மாளை உலகு ஆக்கியதே எனக்குப் பெரிதாகத்தான் இருந்தது. அதுவும் ஜனவரியோடு நின்றுவிட்டது.

ஜூன் 25, புதன்

வத்தக்குழம்பு வைத்து ஒரு கிண்ணம் ஐந்தாம் நம்பருக்குக் கொடுத்தேன். பேச்சோடு பேச்சாக, “உறையை எத்தன மணி நேரம் போடுதீங்க?” என்று கேட்டேன்.

“அஞ்சு மணி நேரம் அக்கா” என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அய்யோ, சொல்லக்கூடாதுன்னாகளே.”

“நான் என்ன பத்திரிகையிலயா போடப்போறேன்” என்றேன்.

அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. வாய் எதற்கு, ஜன்னல் இருக்கிறது. மிக்கேல் ஒரு டம்ளரில் இருந்து பொரிகடலையை ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு டம்ளரில் போடுகிறார். பிறகு ஈரத்துணியால் மேசையைத் துடைக்கிறார். பிறகு தண்ணீர் செம்பைத் தூக்கி வைக்கிறார். இவ்வளவுதானா வித்தை?

ஜூன் 28, சனி

பழைய தேங்காய்ப்பூத் துண்டை நாலாக மடித்து, விரல் பிரியாதபடி உறை தைத்தேன். ஒட்டுப்பட்டி இல்லாததால் மணிக்கட்டில் நாடா. அவர்களுக்கு ஐந்து மணி நேரம் என்றால் எங்களுக்கு எட்டு. பின்னால் தொடங்கியவர்கள் ஓடித்தான் பிடிக்க வேண்டும்.

உறை: காலை 8 முதல் மாலை 4 வரை. பொரிகடலை: ஒரு மணி நேரத்தில் மூன்று.
மஞ்சள் புத்தகத்தில் எழுதியது: காலை 30 நிமிடம், மாலை 30 நிமிடம், ரப்பர் பந்து.

ஜூலை 3, வியாழன்

உறை எட்டு மணி நேரம். பொரிகடலை பதினொன்று.

மதியம் வலது கையாலேயே சாப்பிடச் சொன்னேன். தட்டில் பாதி, லுங்கியில் பாதி. கண்ணில் தண்ணீர் நின்றது. குழம்பில் காரம் கூடிவிட்டது போலிருக்கிறது. காலையில் உறையைக் காணாமல் தேடு தேடென்று தேடினேன், தலையணை உறைக்குள் கிடந்தது. அடிபட்டதிலிருந்து இவருக்கு இப்படியொரு விளையாட்டுப் புத்தி. மணிக்கட்டில் சிவப்பாக ஒரு வளையம் இருக்கிறது. மதுரை வெயிலுக்கு வேர்க்குரு வராமல் என்ன செய்யும்? பவுடர் போட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் உறை கிடையாது. நேற்று அங்கே டாக்டர், “சுட்டுவிரல் நல்லா வருதே! வீட்டுல ஒழுங்கா செய்றீங்களா?” என்றார். மஞ்சள் புத்தகத்தை நீட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாரும் இப்படி எழுதினா எனக்கு வேலையே இல்லை” என்றார். அதுதான் அவர் சிரித்துப் பார்த்த முதல் தடவை.

ஜூலை 9, புதன்

சாயங்காலத்தில் இரண்டு ஆண்களும் மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம் இவர் முகமே வேறு. மிக்கேலுக்கும் பேச்சு குளறல்தான். இருந்தாலும் இரண்டு பேரும் எதையோ பார்த்துச் சிரிக்கிறார்கள். இன்றைக்கு நான் துணி எடுக்கப் போனபோது இவர் திரும்பி, தெளிவாக, “மிக்கேல்” என்றார்.

ஜெசிந்தா கை தட்டினாள். ஆறு மாதம் கழித்து ஒரு புது வார்த்தை! நானும் தட்டினேன்.

ஆறு மாதமாக வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துவிட்டது நான். வாயில் ஊட்டியது நான். ‘உ-ல-கு, உ-ல-கு’ என்று தினம் நூறு தடவை வாயசைத்துக் காட்டியது நான். மனுஷன் வாயில் வந்தது பக்கத்து அறைக்காரன் பெயர். எனக்குப் பொறாமைதான். ரஃப் நோட்டில் என்ன வெட்கம்? வயிறு எரிகிறது.

ஜூலை 14, திங்கள்

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி.

காலை பத்து மணி. உறையோடு இவரை மாடிப்படியில் இறக்கிக்கொண்டிருந்தேன். இன்னொரு கையால் பையைப் பிடித்திருந்தேன். மூன்றாவது படியில் இவருக்குக் கால் சறுக்கியது. இவர் இடது கையைக் கைப்பிடியில் போட்டார், உறைக்குள் இருக்கிற கை எதைப் பிடிக்கும்? அப்படியே முன்னால் சாய்ந்தார். கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்த மிக்கேல் சட்டென்று கையை நீட்டி இவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நிறுத்திவிட்டார். வலது கையை நீட்டி. வராத கையை.

ஜெசிந்தா, “மாதாவே, பிடிச்சிட்டீகளே! வலது கையில பிடிச்சிட்டீகளே!” என்று படியிலேயே உட்கார்ந்து அழுதாள். மிக்கேல் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழ் வீட்டுக்காரர்கூட வந்து அவர் தோளைத் தட்டினார்.

என் புருஷன் விழப்போனதில்கூட அவர்களுக்குத்தான் முன்னேற்றம்! முதலில் எனக்குத் தோன்றியது இதுதான். இவருக்கு அடிபட்டதா என்று பார்த்தது அதற்குப் பிறகு. இதையும் எழுதி வைக்கிறேன்.

அழுகை ஓய்ந்ததும் ஜெசிந்தா இவருடைய இடது கையைப் பார்த்தாள். துண்டுத்துணி உறை. நாடா. என் முகத்தைப் பார்த்தாள். நான் பையைப் பார்த்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் ஜெசிந்தா கதவைத் தட்டினாள். காட்டிக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்ல வருகிறாள் என்று நினைத்து, சண்டைக்கு முந்தானையைச் செருகிக்கொண்டுதான் திறந்தேன்.

“உறையோட நடக்கக் கூடாது அக்கா. படி, பாத்ரூம், அடுப்புப் பக்கம் எதுக்கும் கூடாது. உக்காந்திருக்கும்போது மட்டுந்தான். அஞ்சு மணி நேரத்துக்கு மேலயும் கூடாது. அரை மணிக்கு ஒருக்கா கழட்டிவிடணும்.” நாடாவை அவிழ்த்து இவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். “என்ன அக்கா இது, புண்ணாயிருக்கு!”

“வேர்க்குரு” என்றேன்.

 அவள் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து தானே தடவிவிட்டாள். இவர் சும்மா காட்டிக்கொண்டிருந்தார். எனக்கென்றால் கையை இழுத்துக்கொள்கிறவர்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “அன்னைக்கு உங்களுக்கு முன்னால போனோம்லா, அதுலருந்து எனக்கும் உறுத்திக்கிட்டேதான் கெடக்கு. உங்களுக்கு வர வேண்டியதத்தான நாங்க வாங்கிட்டு வந்துட்டோம். அதனால நானே சொல்லித் தாரேன். டாக்டரம்மாகிட்ட மூச்சு விட்டுராதீக” என்றாள்.

அவளும் அப்படித்தான் நினைக்கிறாள்! நான் நினைத்தது சரிதான். இந்தச் சந்தோஷத்தில் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

உறை ஐந்து மணி நேரம், ஜெசிந்தா சொன்ன முறைப்படி. பொரிகடலை முப்பத்தெட்டு. புண் ஆறி வருகிறது, புண்தான் அது.
மஞ்சள் புத்தகம்: காலை 30, மாலை 30, ரப்பர் பந்து. பந்து எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

செம்பைத் தூக்கித் தானே தண்ணீர் குடித்தார். மூக்கில் கொஞ்சம் போனது, பரவாயில்லை. அடக்க முடியாமல், “சபாஷ் ராசா” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு யாரும் கேட்டார்களா என்று எட்டிப் பார்த்தேன். இவர் காது சிவந்துவிட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மிக்கேல் தானே சட்டைப் பொத்தான் ஐந்தும் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்கு வந்தார். இவர் மூன்றோடு நிற்கிறார். ஜெசிந்தா சொல்லித் தருகிறாள், மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் சொல்லித் தருகிறாளா? பொத்தானுக்கு ஏதோ தனி வழி வைத்திருப்பாள். என் புத்தி எங்கே போகும்!

ஆகஸ்ட் 24, ஞாயிறு

செப்டம்பர் முதல் தேதி கடைசிப் பரீட்சை. ஒரு பலகையில் ஒன்பது ஓட்டைகள், ஒன்பது சின்னக் குச்சிகள். வராத கையால் ஒவ்வொன்றாகச் செருகி, திரும்பப் பிடுங்கிப் போட வேண்டும். நேரம் பார்க்கிறவர் தனி ஆள். யார் எந்தக் குழு என்று அவருக்குத் தெரியாது, சொல்லவும் கூடாது. ஜூனில் இவர் ஒரு குச்சிகூட எடுக்கவில்லை. மிக்கேலும் எடுக்கவில்லை.

தெர்மாகோலில் ஒன்பது ஓட்டை போட்டு, தீக்குச்சியை வைத்து நானே ஒரு பலகை செய்துவிட்டேன். ஜெசிந்தா பார்த்துவிட்டு, “நல்ல யோசனை அக்கா, இவுகளும் பழகட்டுமா?” என்றாள். ஈரமாக இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன் என்றேன். தெர்மாகோல் எப்போது ஈரமானது என்று அவள் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

பலகையைக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

கொடுத்துவிட்டேன். இவர் தானே எடுத்துக்கொண்டு போய் மிக்கேல் மடியில் வைத்துவிட்டார், பிறகு நான் என்ன செய்ய?

செப்டம்பர் 1, திங்கள்

நிதானமாக எழுத முயல்கிறேன்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று செல்போனில் நேரம் பார்த்தேன். மிக்கேல் ஒரு நிமிஷம் பத்து நொடி. இவர் ஒரு நிமிஷம் நாலு நொடி. ஆறு நொடி முந்திவிட்டார்! ஜெசிந்தா என்னைக் கட்டிப்பிடித்து, “அக்கா, நம்ம ரெண்டு பேரும் ஜெயிச்சிட்டாக” என்றாள். ‘நம்ம’ என்றாள். நான் ஆறு நொடியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு டாக்டர் ஷமீலா எங்களை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். மேசை மேல் மஞ்சள் புத்தகம்.

“உலகம்மா, உங்க வீட்டுக்காரர் எங்க கணக்கையே மாத்திட்டாரு. வழக்கமான பயிற்சியிலேயே, தினம் ஒரு மணி நேரத்துல, உறைக் குழுவுல இருக்கிற எல்லாரையும் விட நல்லா செஞ்சிருக்காரு. உங்க புத்தகத்தைக் கூட்டத்துல காட்டப் போறேன்.” சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். குரலில் சந்தோஷத்தை விடக் களைப்புதான் இருந்தது. “எனக்கு உறைமேல பெரிய நம்பிக்கை இருந்துச்சு. இருக்கிறதே பதினாறு பேரு. சாதாரணப் பயிற்சியிலயே இப்படி வரும்னா, உறை எதுக்குன்னு கேப்பாங்க. கேட்டா எங்கிட்ட பதில் இல்லை. மிக்கேலுக்கு இன்னும் ஆறு மாசம் தொடரலாம்னு கேட்டிருந்தேன், அதுவும் நடக்காது. வார்டுல காத்திருக்கிறவங்களுக்கும் இல்லை. பரவாயில்லை, உண்மை எதுவோ அதுதானே வேணும்.”

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்கு வியர்த்துவிட்டது. மூன்று மாதமாக என் வயிறு எரிந்த அந்த உறை, மிக்கேலிடமிருந்து போகப்போகிறது. நான் கேட்டது அதுதானே? மேசை மேல் இருந்த மஞ்சள் புத்தகத்தை நேராக நகர்த்தி வைத்தேன்.

டாக்டர் இவர் பக்கம் திரும்பினார். “சொல்லுங்க சார், எப்படி சாதிச்சீங்க? யாரு காரணம்?”

இவர் டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டார். மெதுவாகத் துழாவி, விரல்களால் பிடித்து, வெளியே இழுத்து, மேசைமேல் வைத்தார். துண்டுத்துணி உறை. நாடா தொங்குகிறது. பொரிகடலைத் தோல் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“உலகு” என்றார்.

என் பெயர். எட்டு மாதம் காத்திருந்த என் பெயர். முகமெல்லாம் பெருமையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாத்தியாருக்குப் பதில் சொல்கிற மாதிரி, மறுபடியும், “உலகு” என்று என்னைக் கைகாட்டினார்.

டாக்டர் அந்த உறையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.  நான் அழுதேன், அழுகையோடு கத்தவும் செய்தேன்.

“அது எங்க கவர் மேடம்! எங்க நம்பர் பதினாலு, அவுக பதினஞ்சு. அவசரம்னு கேட்டாகளேன்னு முன்னால விட்டேன். நான் விட்டுக் குடுத்ததால எங்க கவர அவுக வாங்கிட்டுப் போயிட்டாக. எங்களுக்கு வர வேண்டியதத்தான் நான் செஞ்சேன்.”

டாக்டர் எழுந்து அலமாரியைத் திறந்து, காலியாகப் பிரித்த இரண்டு கவர்களை எடுத்து வைத்தார். ஒன்றில் 14. இன்னொன்றில் 15. எங்கள் ஃபைலில் இருக்கிற அதே நம்பர், அதே மையில்.

“நம்பர் போட்டது நீங்க வர்றதுக்கு முந்தின வாரம். யாரு முன்னால வந்தாலும் உங்க கவர் உங்களுக்குத்தாம்மா. நீங்க எதையும் விட்டுக் குடுக்கலை. அவங்களும் எதையும் எடுத்துக்கலை.”

பதினெட்டு வருஷம் பதிவேடு எழுதுகிறேன். கவர் மேல் இருந்த நம்பரைப் பார்க்கவில்லை. எதிரில் வைத்துத்தான் பிரித்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது கதவுக்கு வெளியே நீல உறையை.

டாக்டர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். உட்கார்ந்து, நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “அவரை உறைக் குழுவுக்கு மாத்த முடியாது. கவர் சொன்ன குழுவுலதான் எண்ணணும். ஆனா நிஜமா நடந்தது என்னன்னு தேதி வாரியாத் தெரிஞ்சா அதையும் சேர்த்து எழுதலாம். அப்பதான் இந்த ஆராய்ச்சியில உயிர் இருக்கும். எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம்? உத்தேசமாச் சொன்னா போதாது. ஞாபகம் இருக்கா?”

“எழுதி வச்சிருக்கேன்” என்றேன். வாயை விட்டு வந்த பிறகுதான் எதில் எழுதி வைத்திருக்கிறேன் என்பது உறைத்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் புது நோட்டு வாங்கி, தேதியும் மணிக்கணக்கும் மட்டும் பார்த்து எழுத உட்கார்ந்தேன். ஜூன் 28, எட்டு மணி நேரம். ஜூலை 3, எட்டு மணி நேரம். மணிமணியாக ஒரு பக்கம் எழுதியாயிற்று. மணிக்கட்டுப் புண்ணை எழுதுவதா? படியில் சறுக்கியதை எழுதுவதா? விட்டால் நன்றாக இருக்கிறது, அடித்தல் திருத்தமே இல்லை. இன்னொரு மஞ்சள் புத்தகம் தயாராகிறது என்று தெரிந்ததும் கிழித்துப் போட்டேன்.

இந்த நோட்டையே கொடுக்கப்போகிறேன். முருங்கைக்காய் என்று எழுதியது இதில் இருக்கிறது, மேடம். மன்னிக்கணும், அடிக்கவில்லை.

கொடுப்பதற்கு முன்னால் ஜெசிந்தாவுக்கு மொட்டைமாடியில் வைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். டாக்டர் படிக்கப்போவதை அவள் முதலில் கேட்கட்டும். சொல்லித் தந்ததற்கு அவளுக்கும் திட்டு விழும், அதையும் சொன்னேன். ‘எதிர்க்கட்சி’யில் சிரித்தாள். ராசாவுக்கு வெட்கப்பட்டாள். தெர்மாகோல் ஈரத்துக்கு, “அது எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றாள். என் புருஷன் விழப்போனதில்கூட அவர்களுக்குத்தான் முன்னேற்றம் என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. நான் முழுவதும் படித்து முடித்தேன். அவள் எழுந்து உள்ளே போனாள்.

சாயங்காலம் கொடிக்குப் போனால் எங்கள் துணி காணோம். எடுத்து மடித்து, எங்கள் வாசல் நாற்காலியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இன்னும் பேசவில்லை. பேசுவாள் என்று நினைக்கிறேன், பேசாவிட்டால் நான் போய்ப் பேசுவேன்.

கடைசியாக இவரைக் கேட்டேன். இவருடைய கண்ணீரும் இவருடைய புண்ணும் இந்த நோட்டில் இருக்கிறது, நானாக எப்படிக் கொடுப்பது?

“இதை டாக்டரம்மாகிட்ட குடுத்துரட்டுமா?”

“சரி” என்றார்.

இவர் சரியை நம்ப முடியாது. மாற்றிக் கேட்டேன். “குடுக்க வேண்டாமா?”

என்னையே பார்த்தார். உதடு கொஞ்ச நேரம் கூடிக் கூடிப் பிரிந்தது.

“இல்ல” என்றார். “குடு.”

பிறகு கையை நீட்டிப் பேனாவைக் கேட்டார், வலது கையை. நான் நோட்டைப் பிடித்துக்கொண்டேன். கீழே இருப்பது இவர் போட்ட கையெழுத்து. ‘சு’வில் ஆரம்பித்து, கோட்டை விட்டு இறங்கி, நான் மேலே எழுதிய இரண்டு வரியின் மேல் ஏறி, ‘முத்து’ பக்கத்தின் ஓரம் வரைக்கும் போய்விட்டது. மை வேறு இழுவிவிட்டது. நான் எதையும் திருத்தவில்லை.